ஐக்கிய அமெரிக்க அரசியற்றிட்டமும் மூவகை அதிகாரங்களும்

சட்டத்தை ஆக்குபவனும் அவனே, அதனை நடாத்துபவனும் அவனே, பிழைத்தோரை விசாரித்துத் தண்டம் விதிப்பவனும் அவனே என்ற முறையிலேயே பண்டைய முடியாட்சிகள் பெரும்பாலும் நிலவின. சிலப்பதிகாரக் கதையை அறியாத தமிழர் இலர். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, சான்று வினவாமலும் குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்துக் கேளாமலும், பாண்டியன் நெடுஞ்செழியன் தன் காவலரை ஏவினான், கோவலன் வெட்டுண்டான். பின்னர்க் கண்ணகி வந்து வழக்குரைத்தபோது தன் பிழையை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர் நீத்தான். அம்மன்னனின் நேர்மையை நாம் போற்றுகின்றோம். ஆயினும் வரலாற்று மாணவன் இங்கு வேறொரு வினாவையும் எழுப்புதல் வேண்டும். முறைப்பாட்டைக் கேட்டவனும், தீர்ப்பளித்தவனும், தண்டத்தை நிறைவேற்றுவித்தவனும் ஒருவனாகவே இருந்தமையாலன்றோ அப்பிழை நிகழ்ந்தது? மன்னனின் மனச்சான்று விழிப்பதற்குள் வாள் தன் வேலையை முடித்துவிட்டது.

ஆளுபவன் நல்லவனாயிருப்பான் என்ற நம்பிக்கையை மாத்திரம் அடிப்படையாகக் கொள்ளாது, அவன் நல்லவனல்லாதவிடத்தும் குடிகள் காக்கப்படத்தக்க வகையில் ஓர் அரசை அமைத்தல் கூடுமா? இவ்வினாவுக்கு ஐரோப்பாவிலே தெளிவான விடை பகர்ந்தவர்களுள் முதன்மையானவர் மொன்ரெஸ்கியூ என்னும் பிரெஞ்சு அறிஞராவர். 1748இல் வெளிவந்த தமது பெருநூலிலே, சட்டவாக்கம், நிருவாகம், நீதிபரிபாலனம் என அரசின் அதிகாரங்கள் மூவகைப்படுமென்றும், அவை ஒரே கையிற் சேருமாயின் அந்நாட்டிற் சுதந்திரம் நிலவாதென்றும் அவர் காட்டினார். வட அமெரிக்காவின் மாநிலங்கள் சில இக்கொள்கையைத் தத்தம் ஆட்சியமைப்பில் முன்னரே ஏற்றிருந்தன. எனினும் பரந்த நாடொன்றின் சமஷ்டி அரசு முழுவதையும் அதன்மேற் கட்டியெழுப்பியது 1787ஆம் ஆண்டின் ஐக்கிய அமெரிக்க அரசியற்றிட்டமேயாம்.

அத்திட்டம் தாளில் வகுத்த எல்லைகள் நடைமுறையில் எவ்வாறு காக்கப்பட்டன, எங்கே மீறப்பட்டன, மூன்று துறைகளுள்ளும் வலிமை குன்றியதாகிய நீதித்துறை எதனால் நிலைபெற்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டரசின் குறைபாடு

1776இல் பிரித்தானிய முடியினின்றும் பிரிந்து சுதந்திரப் பிரகடனஞ் செய்த 13 குடியேற்ற நாட்டினரும், தொலைவிலிருந்து தம்மை ஆண்ட அதிகாரத்தால் அடைந்த துன்பத்தை மறந்தாரல்லர். ஆதலால், 1781இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய முதலாவது கூட்டரசு, வேண்டுமென்றே வலிமையற்றதாக அமைக்கப்பட்டது. ஒரே சபையைக் கொண்ட காங்கிரஸ் ஒன்றே அதன் உறுப்பு. பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் ஒவ்வொரு வாக்கே உண்டு. நிருவாகத் தலைவர் எவரும் இலர். நாடு முழுவதற்கும் உரிய நீதிமன்றமும் இல்லை. வரி விதிக்கும் உரிமை காங்கிரசுக்கு இன்மையால், படைவீரருக்குச் சம்பளங் கொடுப்பதற்கும் அது மாநிலங்களின் வாயிலிற் சென்று நிற்கவேண்டியதாயிற்று. இக்குறைகளைத் திருத்தவேண்டுமாயின் 13 மாநிலங்களும் ஒருங்கே இசைதல் வேண்டும். அவ்விசைவு ஒருபோதும் கிட்டவில்லை.

1786இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே கடனாற் காணியை இழக்கும் நிலையிலிருந்த உழவர்கள் டானியல் ஷேஸ் என்பவரின் தலைமையிற் கிளர்ந்தெழுந்து, நீதிமன்றங்கள் கூடாவண்ணந் தடுத்தனர். அவர்களை அடக்குதற்குக் கூட்டரசிடம் படையுமில்லை, பணமுமில்லை. வணிகர் சிலர் தந்த பொருளைக் கொண்டு திரட்டப்பட்ட மாநிலப் படையே ஈற்றில் அக்கலகத்தை அடக்கியது. கொடுங்கோன்மைக்கு அஞ்சியிருந்தோர் இப்போது கோலின்மைக்கும் அஞ்சலாயினர்.

பிலடெல்பியா மாநாடு

இந்நிலையில் 1787ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி தொடக்கம் செப்டெம்பர் 17ஆம் திகதி வரையும் பிலடெல்பியா நகரில் ஒரு மாநாடு நடைபெற்றது. றோட் தீவு மாநிலம் பிரதிநிதிகளை அனுப்ப மறுத்துவிட்டது. ஏனைய 12 மாநிலங்களினின்றும் வந்து கலந்துகொண்டோர் 55 பேர். இறுதியிற் கையொப்பமிட்டோர் 39 பேர். ஜோர்ஜ் வாஷிங்டன் தலைமை தாங்கினார். 81 வயதினரான பெஞ்சமின் பிராங்ளினும் அங்கு வீற்றிருந்தார். கூட்ட நடவடிக்கைகள் மறைவாக நடந்தன. ஆயினும் ஜேம்ஸ் மடிசன் என்னும் வேர்ஜீனியப் பிரதிநிதி நாடோறும் எழுதிவைத்த குறிப்புகள் அவர் மறைந்தபின் 1840இல் வெளியாகியமையால், அங்கு நிகழ்ந்த வாதங்களை நாம் இன்று அறிய முடிகின்றது.

மாநாட்டைப் பெரிதும் அலைக்கழித்த பிரச்சினை பிரதிநிதித்துவமே. சனத்தொகைக்கேற்ப ஆசனம் வேண்டுமெனப் பெரிய மாநிலங்கள் வாதிட்டன. எல்லா மாநிலங்களுக்கும் சமமான ஆசனம் வேண்டுமெனச் சிறிய மாநிலங்கள் மறுத்துரைத்தன. ஜூலை 16ஆம் திகதி ஓர் இணக்கம் ஏற்பட்டது. பிரதிநிதிகள் சபையிற் சனத்தொகைக்கேற்ற ஆசனம். செனற் சபை எனப்படும் மூதவையில் மாநிலத்துக்கு இருவர் என்பதே அவ்விணக்கம். இன்று 50 மாநிலங்களுக்கும் இருவராக மூதவையில் 100 பேரும், பிரதிநிதிகள் சபையில் 435 பேரும் அமர்ந்திருப்பது அன்றைய இணக்கத்தின் பயனே.

அவ்விணக்கத்தோடு ஒரு களங்கமுஞ் சேர்ந்தது. தென் மாநிலங்களிலிருந்த அடிமைகளுக்கு வாக்குரிமை இல்லை. மனித உரிமை எதுவுமே இல்லை. எனினும் ஆசனங்களைப் பகிரும்போது அடிமைகளின் தொகையில் ஐந்திலே மூன்று பங்கு கணக்கிற் சேர்க்கப்பட்டது. தம்மை அடிமைப்படுத்தியோரின் அரசியல் வலிமையை அவ்வடிமைகளின் தலைக்கணக்கே பெருக்கிற்று. சுதந்திரத்தைக் காப்பதற்கென வகுக்கப்பட்ட திட்டத்தினுள்ளே சுதந்திரமின்மையும் அத்திவாரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டது. அதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

மூன்று துறைகளின் அமைப்பு

அரசியற்றிட்டத்தின் முதலாம் உறுப்பு காங்கிரசையும், இரண்டாம் உறுப்பு சனாதிபதியையும், மூன்றாம் உறுப்பு நீதித்துறையையும் பற்றிக் கூறுகின்றன. இம்மூன்றும் ஒன்றையொன்று தீண்டாது தனித்தனியே இயங்குவன எனச் சிலர் கருதுவர். அது தவறாகும். பிலடெல்பியாவிற் கூடியோர் மூன்று துறைகளையும் பிரித்ததோடமையாது, ஒவ்வொன்றின் கருமத்திலும் மற்றவற்றுக்குச் சிறு பங்கும் கொடுத்தனர். பதவியிலிருப்போர் தம் அதிகாரத்தைப் பெருக்க விரும்புதல் இயல்பு. அவ்வியல்பை அறவுரையால் மாற்றுவதினும், ஒருவரது அவாவை மற்றவரது அவாவுக்குக் காவலாக நிறுத்துவதே தக்கதென மடிசன் கருதினார்.

சட்டமொன்று பிறக்கும் வகையை நோக்கின் இது விளங்கும். மசோதா இரு சபைகளிலும் நிறைவேறல் வேண்டும். பின்னர் அது சனாதிபதியிடஞ் செல்லும். அவர் உடன்படின் கையொப்பமிடுவார். உடன்படாவிடிற் காரணங் காட்டித் திருப்பி அனுப்புவார். இதுவே அவரது மறுப்பதிகாரம். ஞாயிறு நீங்கலாக 10 நாட்களுக்குள் அவர் அதனைச் செய்தல் வேண்டும். ஆனால் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் மீண்டும் நிறைவேற்றினால், சனாதிபதி விரும்பாவிடினும் மசோதா சட்டமாகிவிடும்.

சனாதிபதி முப்படைகளுக்குந் தளபதி. ஆயின் போர்ப்பிரகடனஞ் செய்யும் உரிமையும் படைக்குப் பணம் ஒதுக்கும் உரிமையும் காங்கிரசுக்கே உரியன. அவர் பிற நாடுகளோடு செய்யும் உடன்படிக்கைகள் சமுகமளித்த மூதவையினருள் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் பெற்ற பின்னரே வலிமை பெறும். நீதியரசரை அவரே நியமிப்பார்; ஆயினும் மூதவை அதற்கு இசைதல் வேண்டும். நியமனம் பெற்ற நீதியரசர் நன்னடத்தை உள்ளவரையும் பதவியில் இருப்பர். அவர்களது வேதனத்தைக் குறைத்தலும் ஆகாது. பதவியையோ வேதனத்தையோ காட்டி அவர்களை அச்சுறுத்த முடியாதவாறு இவ்வேற்பாடு செய்யப்பட்டது.

பெருங்குற்றம் புரிந்த சனாதிபதியைப் பிரதிநிதிகள் சபை குற்றஞ் சாட்டும், மூதவை விசாரிக்கும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கிருந்தாற் பதவி நீக்கும். 1868இல் அன்ட்று ஜோன்சன், 1998இல் பில் கிளின்டன், 2019இலும் 2021இலும் டொனால்ட் ட்ரம்ப் ஆகியோர் இவ்வாறு குற்றஞ் சாட்டப்பெற்றனர். எவரும் குற்றவாளியெனத் தீர்க்கப்படவில்லை. ஜோன்சன் தப்பியது ஒரே ஒரு வாக்கினாலாம்.

இவற்றோடு சமஷ்டி என்னும் மற்றோர் அரணும் உண்டு. நாணயம், பிற நாட்டு வாணிகம், மாநிலங்களுக்கிடையேயான வாணிகம், போர், தபால் முதலியன மத்திய அரசுக்கெனப் பெயர் குறித்து ஒதுக்கப்பட்டன. அவ்வாறு ஒதுக்கப்படாதனவும், மாநிலங்களுக்கு விலக்கப்படாதனவுமாகிய அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியனவென 1791இல் ஏற்கப்பட்ட பத்தாந் திருத்தம் கூறுகின்றது. எனவே மத்தியில் அதிகாரம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதோடு, மத்திக்கும் மாநிலங்களுக்குமிடையிலும் பங்கிடப்பட்டுள்ளது. இவ்விரு பிரிவினைகளும் சந்திக்குமிடத்திலேயே கடும் பூசல்கள் விளைந்தன. அப்பூசல்களைத் தீர்க்கும் பொறுப்பு நீதிமன்றத்தின்மேல் வந்து வீழ்ந்தது.

வாளும் பணமும் இல்லாத மன்று

புதிய திட்டத்தை ஏற்குமாறு மக்களைத் தூண்டும்பொருட்டு ஹமில்டன், மடிசன், ஜேய் ஆகிய மூவரும் 1787, 1788ஆம் ஆண்டுகளில் 85 கட்டுரைகளை எழுதினர். அவற்றுள் ஒன்றிலே ஹமில்டன், மூன்று துறைகளுள்ளும் நீதித்துறையே வலிமை குன்றியதென்பதை எடுத்துக் காட்டினார். நிருவாகத்திடம் வாள் உண்டு. காங்கிரசிடம் பணப்பை உண்டு. நீதிமன்றத்திடம் இவ்விரண்டும் இல்லை. அதற்குள்ளது தீர்ப்புரைக்கும் ஆற்றல் ஒன்றே. அத்தீர்ப்பை நிறைவேற்றுதற்கும் அது நிருவாகத்தின் கையையே எதிர்பார்த்திருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இத்தகைய மன்று தன் இடத்தைத் தேடிக்கொண்ட வரலாறு சுவையானது. 1801இல் பதவி நீங்கவிருந்த சனாதிபதி ஜோன் அடம்ஸ் தம் கட்சியினர் பலரை இறுதி நாட்களில் நீதிப் பதவிகளுக்கு நியமித்தார். சமாதான நீதவானாக நியமிக்கப்பட்ட மார்பரி என்பவருக்குரிய நியமனப் பத்திரம் முத்திரையிடப்பட்டும் உரிய காலத்திற் கொடுபடவில்லை. புதிய சனாதிபதி ஜெபர்சன் அதனைக் கொடாது நிறுத்திவிட்டார். மார்பரி உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டார். அப்போது பிரதம நீதியரசராயிருந்தவர் ஜோன் மார்ஷல். முன்னர் அரசாங்கச் செயலாளராயிருந்து அப்பத்திரத்தைக் கொடுக்கத் தவறியவரும் அவரே என்பது விந்தை.

மார்ஷல் இருதலைக் கொள்ளி எறும்பு போலானார். பத்திரத்தைக் கொடுக்குமாறு கட்டளையிட்டால் ஜெபர்சன் அதனைப் பொருட்படுத்தாது விடக்கூடும். மன்றின் வலிமையின்மை வெளிப்படும். வழக்கை வாளா தள்ளினால் மன்று அஞ்சியது என்ற பழி வரும். 1803இல் அவர் அளித்த தீர்ப்பு இவ்விரண்டையும் தவிர்த்தது. மார்பரிக்கு அப்பத்திரத்தைப் பெறும் உரிமை உண்டு. ஆனால் இவ்வழக்கை நேரே உயர் நீதிமன்றத்தில் தொடுக்க இடங்கொடுத்த 1789ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு அரசியற்றிட்டத்துக்கு முரணானது. முரணான சட்டம் சட்டமன்று. ஆதலின் மன்று கட்டளையிடல் இயலாது என்றார். சிறியதோர் அதிகாரத்தைக் கைவிட்டுப் பெரியதோர் அதிகாரத்தை அவர் பெற்றார். காங்கிரஸ் ஆக்கிய சட்டத்தைச் செல்லாதெனக் கூறும் உரிமை அரசியற்றிட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டதன்று, அத்தீர்ப்பினாலேயே நிலைபெற்றது. கட்டளை எதுவும் பிறவாமையால் ஜெபர்சன் மீறுதற்கும் ஒன்றுமில்லை.

1819இல் மேரிலாந்து மாநிலம் மத்திய அரசின் வங்கிக்கு வரி விதித்தபோது, மாநிலம் அவ்வாறு செய்தல் ஆகாதென மார்ஷல் மன்று தீர்த்தது. அரசியற்றிட்டம் பெயர் குறித்துக் கொடுத்த அதிகாரங்களை நடாத்துதற்கு வேண்டிய துணையதிகாரங்களும் காங்கிரசுக்கு உண்டு எனவும் அது கூறியது. மத்திய அரசின் வளர்ச்சிக்கு இத்தீர்ப்பு வழிவகுத்தது. ஆயினும் மன்றின் மெய்யான சோதனை இன்னும் வரவில்லை.

நிறைவேறாத தீர்ப்பு

ஜோர்ஜியா மாநில எல்லைக்குள் செரோக்கி என்னும் பூர்விகக் குடிகள் தமக்கென நிலமும் ஆட்சியும் உடையோராய் வாழ்ந்தனர். மத்திய அரசு அவர்களோடு உடன்படிக்கைகள் செய்திருந்தது. ஆனால் அவர்தம் நிலத்தை விரும்பிய ஜோர்ஜியா, அவ்விடத்தே தன் சட்டங்களைச் செலுத்தத் தொடங்கியது. மாநிலத்தின் அனுமதிப் பத்திரமின்றி வெள்ளையர் எவரும் அங்கு வசித்தலாகாதென்றும் விதித்தது. செரோக்கி மக்களிடையே பணிபுரிந்த சாமுவேல் வூஸ்டர் என்ற மிசனரி அவ்வனுமதியைப் பெற மறுத்தார். 1831இல் அவருக்கு நான்காண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து தெல்லிப்பழையிற் பணி தொடங்கி, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய அமெரிக்க மிசனரிமாரை அனுப்பிய அதே சங்கமே வூஸ்டரையும் செரோக்கி மக்களிடம் அனுப்பியது என்பது நம்மவர் அறியத்தக்கதொரு செய்தி.

1832ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மார்ஷல் தீர்ப்பளித்தார். செரோக்கி நிலத்தில் ஜோர்ஜியாவின் சட்டம் செல்லாது. வூஸ்டர் விடுவிக்கப்படல் வேண்டும் என்பது அத்தீர்ப்பு. ஜோர்ஜியாவோ மன்றிற்கு வந்து எதிர்வாதஞ் செய்யவும் இல்லை. தீர்ப்பின்படி நடக்கவும் இல்லை. வூஸ்டர் சிறையிலேயே கிடந்தார். அக்காலச் சனாதிபதி அன்ட்று ஜாக்சன் பூர்விகக் குடிகளை மேற்கே அகற்றுவதையே விரும்பியவர்; அவர் வாளாவிருந்தார். தீர்ப்பளித்த மார்ஷலே அதனை நிறைவேற்றிக் கொள்ளட்டும் என அவர் கூறினார் எனப் பின்னாளில் வழங்கும் கூற்று அவர் வாய்மொழியென நிறுவப்படவில்லை. சட்ட நுணுக்கத்தின்படி, சனாதிபதி உடனே படையனுப்பவேண்டிய கட்டளையெதுவும் அவ்வேளை மன்றினின்றும் பிறக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அவர் நடந்துகொண்ட முறை அக்கூற்றுக்கு மாறானதன்று.

அதே ஆண்டின் இறுதியில், மத்திய அரசின் இறக்குமதி வரிச் சட்டம் தன்னளவிற் செல்லாதெனத் தென் கரோலினா மாநிலம் பிரகடனஞ் செய்தது. அப்போது ஜாக்சன் வாளாவிருக்கவில்லை. ஒன்றியத்தின் சட்டத்தை எந்த மாநிலமும் இரத்துச் செய்ய முடியாதென முழங்கினார். படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தைக் காங்கிரசிடங் கேட்டுப் பெற்றார். தன் அதிகாரம் மறுக்கப்பட்டபோது வாளை உருவ முனைந்த நிருவாகம், மன்றின் அதிகாரம் மறுக்கப்பட்டபோது அதனை உறையிலேயே வைத்திருந்தது.

வூஸ்டர் 1833 ஜனவரியில் விடுதலை பெற்றார். அதுவும் மன்றின் தீர்ப்பினாலன்று, ஆளுநரின் மன்னிப்பினாலாகும். செரோக்கி மக்களுக்கு அம்மன்னிப்புங் கிட்டவில்லை. 1838இல் படையினர் அவர்களைத் திரட்டி மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பாலுள்ள நிலத்துக்கு ஓட்டினர். நோயாலும் குளிராலும் பசியாலும் ஏறக்குறைய 4,000 பேர் மாண்டனர் என்பர். அவர்கள் கையிலே நாட்டின் உச்ச மன்று அளித்த வெற்றித் தீர்ப்பு இருந்தது. அது அவர்களைக் காக்கவில்லை.

மன்றின் பிழை

தீர்ப்பு நிறைவேறாமையாலன்றி, தீர்ப்பே பிழையானமையாலும் கேடு விளையலாம். டிரெட் ஸ்கொட் என்னும் அடிமை, தன் எசமானன் தன்னை அடிமைமுறை விலக்கப்பட்ட பகுதிகளில் வாழச் செய்தமையால் தான் விடுதலை பெற்றவனே என வழக்கிட்டான். 1857இல் பிரதம நீதியரசர் டானியின் தலைமையிலிருந்த மன்று, ஆபிரிக்க வழிவந்தோர் ஐக்கிய அமெரிக்காவின் குடிகளாகார் என்றும், புதிய ஆள்புலங்களில் அடிமைமுறையை விலக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும் தீர்த்தது. 1803இன் பின்னர்க் காங்கிரஸ் சட்டமொன்றை உயர் நீதிமன்றம் செல்லாதெனக் கூறியது அதுவே முதன்முறை. 54 ஆண்டுகள் உறையிலிருந்த ஆயுதம் அடிமைமுறையைக் காப்பதற்கே எடுக்கப்பட்டது.

பூசலைத் தணிக்குமென மன்று எண்ணிய தீர்ப்பு பூசலை வளர்த்தது. 1861இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1865 வரை நீடித்தது. அத்திவாரத்தில் வைத்துக் கட்டப்பட்ட களங்கத்தை நீக்குதற்கு அந்நாடு கொடுத்த விலை அது. போரின் பின்னர் 1865இல் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாந் திருத்தமும், 1868இல் குடியுரிமையையும் சட்டத்தின் சமபாதுகாப்பையும் வழங்கிய பதினான்காந் திருத்தமும், 1870இல் இனங் காரணமாக வாக்குரிமை மறுக்கப்படலாகாதெனக் கூறிய பதினைந்தாந் திருத்தமும் அரசியற்றிட்டத்திற் சேர்ந்தன. மன்றின் பிழையையும் திருத்தும் வழி ஒன்று உண்டு. இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் முன்மொழிந்து, மாநிலங்களுள் நான்கில் மூன்று பங்கு ஏற்றால் அரசியற்றிட்டமே மாறும். அவ்வழி அரிது, இன்று வரையும் நிறைவேறிய திருத்தங்கள் 27 மாத்திரமே.

மக்கட் செல்வாக்கும் சட்டமும்

தீய ஆட்சியாளனைத் தடுப்பது எளிதென்று வைத்துக்கொண்டாலும், மக்களின் பேரன்பைப் பெற்ற ஆட்சியாளனைத் தடுப்பது எளிதன்று. 1936ஆம் ஆண்டுத் தேர்தலில் அன்றிருந்த 48 மாநிலங்களுள் 46இல் வெற்றியீட்டிய பிராங்ளின் ரூஸ்வெல்ற், பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து நாட்டை மீட்கத் தாம் கொணர்ந்த சட்டங்களை உயர் நீதிமன்றம் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளுவதைக் கண்டு சினந்தார். 70 வயதைக் கடந்தும் ஓய்வு பெறாத நீதியரசர் ஒவ்வொருவருக்கும் ஒருவராக, ஆறு பேர் வரையும் புதியவர்களை நியமிக்கும் அதிகாரத்தை 1937 பெப்ரவரியிற் காங்கிரசிடங் கேட்டார். நீதியரசரின் தொகையை அரசியற்றிட்டம் குறிக்கவில்லை. 1869இலிருந்து ஒன்பதாயிருப்பது சட்டத்தினாலேயே. ஆதலின் அவர் கேட்டது எழுத்தளவிற் குற்றமன்று.

அவரைத் தடுத்தவர் எதிர்க்கட்சியினர் மாத்திரமல்லர். மூதவையில் மிகப் பெரும்பான்மையினராயிருந்த அவரது கட்சியினருட் பலரே எதிர்த்தனர். இன்று நம் தலைவருக்காக மன்றை நிரப்பினால், நாளை வேறொரு தலைவரும் அவ்வாறே செய்வார் என அவர்கள் கருதினர். ஜூலை மாதத்தில் 70 வாக்குகளுக்கு 20 வாக்குகளால் அம்மசோதா குழுவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு மறைந்தது. இதற்கிடையில் மன்றும் தன் போக்கைத் தளர்த்தியது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தையும் தொழிலாளர் சட்டத்தையும் அவ்வாண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஒரு துறையும் முற்றாக வெல்லவில்லை. ஒரு துறையும் முற்றாகத் தோற்கவுமில்லை.

1952இல் கொரியப் போர்க்காலத்திலே வேலைநிறுத்தத்துக்கு அஞ்சிய சனாதிபதி ட்ரூமன் உருக்காலைகளை அரசின் வசமாக்கினார். காங்கிரஸ் தராத அவ்வதிகாரம் சனாதிபதிக்கு இல்லையென மன்று ஆறுபேருக்கு மூவராகத் தீர்த்தது. ஒன்பது நீதியரசரும் ரூஸ்வெல்ற்றாலோ ட்ரூமனாலோ நியமிக்கப்பட்டவர்கள் என்பது நோக்கத்தக்கது. ட்ரூமன் உடனே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். 1974 ஜூலை 24ஆம் திகதி, தாம் மறைத்துவைத்திருந்த ஒலிப்பதிவு நாடாக்களைக் கையளிக்குமாறு சனாதிபதி நிக்சனுக்கு மன்று ஒருமுகமாகக் கட்டளையிட்டது. தீர்ப்பளித்த எண்மருள் மூவர் அவரால் நியமிக்கப்பட்டோர். அவர் நாடாக்களைக் கொடுத்தார். பதினாறாம் நாள் பதவி துறந்தார். நீதிமன்றத்தின் வாயிலில் ஒரு படைவீரனும் நிற்கவில்லை.

லிற்றில் றொக்

1832இன் வினாவுக்கு விடை 1957இலேயே கிடைத்தது எனலாம். பொதுப் பாடசாலைகளிற் கறுப்பினப் பிள்ளைகளை வேறாக வைத்தல் பதினான்காந் திருத்தத்துக்கு முரணென 1954 மே 17ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்த்தது. கல்வி மாநிலத்துக்குரிய விடயமன்றோ எனத் தென் மாநிலங்கள் பல அதனை எதிர்த்தன. 1957 செப்டெம்பரில் ஆர்க்கன்சோ மாநிலத் தலைநகராகிய லிற்றில் றொக்கில், மத்திய உயர்தரப் பாடசாலைக்குச் சென்ற ஒன்பது கறுப்பின மாணவரை ஆளுநர் தம் காவற்படையைக் கொண்டு தடுத்தார். புத்தகங்களோடு வந்த பிள்ளைகளின் முன்னே துப்பாக்கிகள் நீண்டன. வெளியே வெறி கொண்ட கூட்டம் ஆரவாரித்தது.

சனாதிபதி ஐசனோவர் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை வெளிப்படையாக வரவேற்றவரல்லர். ஆயினும் மன்றின் தீர்ப்பைக் காப்பது தம் கடமையென அவர் கொண்டார். செப்டெம்பர் 24ஆம் திகதி படையினரை அனுப்பினார். மறுநாள் அப்படையினரின் காவலில் ஒன்பது மாணவரும் பாடசாலைக்குள் நுழைந்தனர். ஜாக்சன் தமக்கு உவப்பில்லாத தீர்ப்பைக் கைவிட்டார். ஐசனோவர் தம் உவப்பைக் கருதாது தீர்ப்பைக் காத்தார். இருவருக்கும் இருந்தது ஒரே அரசியற்றிட்டம். அதன் எழுத்தில் இவ்விடத்து ஒரு சொல்லும் மாறவில்லை.

எனினும் அத்துடன் யாவும் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு ஆளுநர் அந்நகரின் உயர்தரப் பாடசாலைகளை மூடிவிட்டார். தென் மாநிலங்களில் வெள்ளையரோடு ஒருங்கிருந்து கற்ற கறுப்பினப் பிள்ளைகள் பல்லாண்டு வரை மிகச் சிலரே. 1964இல் குடியியல் உரிமைச் சட்டத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றி, பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு மத்திய அரசின் பணவுதவி கிடையாதென விதித்த பின்னரே பாடசாலைக் கதவுகள் விரைவாகத் திறந்தன. 1954இல் நீதித்துறை சொல்லிற்று. 1957இல் நிருவாகம் வாளைத் துணைக்கு அனுப்பிற்று. 1964இல் சட்டமன்றம் பணப்பையைத் துணைக்குத் தந்தது. மூன்றுஞ் சேர்ந்தபோதே ஏட்டிலிருந்த உரிமை பிள்ளையின் வாங்கிற்கு வந்து சேர்ந்தது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தீமை செய்வதைத் தடுப்பதற்காக அதிகாரங்கள் பிரிக்கப்பட்டன. ஆனால் நீதி செய்வதற்கு அவை ஒன்றோடொன்று சேரவேண்டியிருக்கின்றது. பிரிவினையை மாத்திரம் எழுதிவிட முடியும். சேர வேண்டிய வேளையிற் சேருதலும், தோற்றவன் தீர்ப்பை மதித்து ஒதுங்குதலும் எழுத்தினால் வருவனவல்ல. பழக்கத்தினாலும், பொறுப்பிலுள்ளோரின் கடமையுணர்ச்சியினாலும், விழிப்புள்ள மக்களின் கருத்தினாலும் வருவன. 1832இல் அப்பழக்கம் வேரூன்றவில்லை. அதனால் ஒரு மக்கட் கூட்டமே தன் நிலத்தை இழந்தது. 1952இலும் 1974இலும் அது வேரூன்றியிருந்தது. அதனால் ஒரு தாளிலெழுதிய தீர்ப்புக்கு நாட்டின் முதல்வரே தலை வணங்கினார்.

அவ்வேர் ஒருமுறை ஊன்றிவிட்டால் என்றும் வாடாதென எண்ணுதலுந் தவறாகும். ஒவ்வொரு தலைமுறையினரும் அதற்கு நீர் வார்த்தல் வேண்டும். மூன்று துறைகளின் பெயர்களையும் அவற்றின் அதிகாரங்களையும் பரீட்சைக்கென மனனஞ் செய்யும் மாணவன், அவற்றுக்குப் பின்னே சிறையிற் கிடந்த ஒரு மனிதரையும், ஊரை விட்டு ஓட்டப்பட்ட ஒரு குடியையும், புத்தகங்களோடு துப்பாக்கிகளின் முன் நின்ற ஒன்பது பிள்ளைகளையும் நினைவிற் கொள்வானாக. மன்னனின் மனச்சான்றையே நம்பியிருந்த காலத்தில் ஒருவனது பிழை ஒரு நகரையே எரித்தது. இன்று நாம் நம்பியிருப்பது பலருடைய மனச்சான்றை. அவை ஒருங்கே உறங்காதிருத்தலே அரசியற்றிட்டத்தின் உயிர்நிலையாகும்.